ஒரே வாசல், மூன்று அட்டைகள்

சென்னைத் துறைமுகத்தின் வாசலைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் மூன்று வகையினரை இங்கே எடுத்துக்கொள்வோம். கப்பலில் வேலை செய்யும் மாலுமி, துறைமுகத்தின் நிரந்தரத் தொழிலாளி, கன்டெய்னர் டிரெய்லரை ஓட்டி வரும் டிரைவர். மூவரும் சி.ஐ.எஸ்.எஃப். காவலரிடம் ஏதோ ஓர் அட்டையை நீட்டித்தான் உள்ளே போகிறார்கள். மாலுமியின் அட்டைக்குப் பின்னால் நாடுகள் கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கை இருக்கிறது. துறைமுகத் தொழிலாளியின் அட்டைக்குப் பின்னால் ஒரு சட்டமும் அதற்காக நடந்த போராட்டங்களும் இருக்கின்றன. டிரைவரின் பாஸுக்குப் பின்னால் இருப்பது டிரான்ஸ்போர்ட் கம்பெனி கொடுத்த கடிதம்.

அந்த டிரைவர் எங்கிருந்து வருகிறார் என்பதற்கு ஓர் ஊரைப் பார்ப்போம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கும் பெருமுக்கல்லை மலைக்கோயிலுக்காகவும் குகைப் பாறையில் உள்ள கீறல்களுக்காகவும் அறிந்தவர்கள் உண்டு. 1760இல் வந்தவாசிப் போர் முடிந்த கையோடு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இந்த மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அந்தச் சண்டையில் அவருக்கே காயம் பட்டது. புதுச்சேரிக்குப் போகும் வழியில் இருந்ததால்தான் இவ்வளவு சிறிய மலைக்கு அவ்வளவு மதிப்பு. இன்று இந்த வட்டாரத்தை அறியச் சாலையைப் பார்த்தால் போதும். வானூர், திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர்களும், மரக்காணம் உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிய லாரிகளும் ஓடிக்கொண்டே இருக்கும். டிஎன் 16 என்ற எண் தாங்கிய வண்டிகளில் கிளீனராக ஏறி, ஹெவி லைசென்ஸ் எடுத்து, டிப்பரிலிருந்து டிரெய்லருக்கு மாற நினைப்பது இங்குள்ள இளைஞனுக்கு இயல்பான அடுத்த படி. டிரெய்லருக்கு மாறினால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுக வாசல்களுக்குப் போயாக வேண்டும். அங்கே லைசென்ஸ் மட்டும் போதாது.

துறைமுக வாசல் இவ்வளவு இறுகியதற்குத் தொடக்கம் நியூயார்க்கில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கடல் வழியாகவும் ஆபத்து வரலாம் என்ற அச்சத்தில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2002 டிசம்பரில் லண்டனில் கூடி, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் பொதுவான பாதுகாப்பு விதித் தொகுப்பு ஒன்றை ஏற்றது. ஐ.எஸ்.பி.எஸ். என்று துறைமுகத்தில் எல்லோரும் சொல்லும் அந்த விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஆபத்துகளை மதிப்பிட்டு ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும், அதற்கென ஓர் அதிகாரி இருக்க வேண்டும், உள்ளே யார் வரலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. உள்ளே யார் வரலாம் என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது என்பதை அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

அமெரிக்கா அதற்குத் தனிச் சட்டமே செய்தது. 2002ஆம் ஆண்டின் கடல் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, துறைமுகத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் துணையின்றிச் செல்ல வேண்டிய ஒவ்வொரு தொழிலாளியும் போக்குவரத்துத் தொழிலாளர் அடையாள அட்டை ஒன்றை எடுக்க வேண்டும். டுவிக் என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். 2007 அக்டோபரில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் பதிவு தொடங்கியது. 2009 ஏப்ரலில் நாடு முழுதும் கட்டாயமானது. விண்ணப்பிப்பவர் பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும்; கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள்; போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அவருடைய பின்னணியை ஆராயும். அட்டை ஐந்து ஆண்டுகள் செல்லும். கட்டணம் நூறு டாலருக்கு மேல், அதுவும் தொழிலாளியின் பையிலிருந்து.

இதில் என் கவனத்தை இழுப்பது கைரேகையும் அட்டையில் உள்ள சிப்பும் அல்ல, அந்தச் சட்டத்தோடு வந்த பட்டியல். எந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால் அட்டை கிடைக்காது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. தேசத்துரோகம், உளவு போன்ற சில குற்றங்களுக்கு நிரந்தரத் தடை. கொள்ளை, கடத்தல், மோசடி போன்ற வேறு சிலவற்றுக்குத் தற்காலிகத் தடை: விண்ணப்பத்துக்கு முந்தைய ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை பெற்றிருந்தாலோ, சிறையிலிருந்து வந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்காவிட்டாலோ மட்டும். மறுக்கப்பட்டவர் தகவலில் தவறு என்றால் மேல்முறையீடு செய்யலாம். தவறு இல்லை, ஆனால் நான் இப்போது திருந்தி வாழ்கிறேன் என்றால் விலக்குக் கேட்கலாம். இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. அட்டை ஆளுக்குச் சொந்தம். முதலாளி மாறினாலும் கூடவே வரும்.

அந்த அமைப்பு அப்பழுக்கற்றது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கையில், அதன் புலனாய்வாளர்களே போலி ஆவணங்களைக் காட்டி உண்மையான அட்டையை வாங்கித் துறைமுகங்களுக்குள் நுழைந்து காட்டியதாக இருந்தது. பாதுகாப்பு என்ற அளவில் அது பெரிய ஓட்டை. ஆனால் வேலை கேட்டு வருகிறவனுக்கு, தன்னை எதற்காக மறுப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நம் வாசலில் அது தெரிவதில்லை.

நம் ஊரில் நடப்பது வேறு. பெரிய துறைமுகங்களுக்குள் போக வேண்டியவருக்குத் துறைமுக நுழைவு அனுமதி வேண்டும். வாசலில் எல்லோரும் பாஸ் என்பார்கள். இப்போது இணையத்தில் விண்ணப்பித்து, ஆர்.எஃப்.ஐ.டி. பதித்த அட்டையாக வாங்கும் முறை வந்துவிட்டது. நாள் பாஸ் எளிது. நீண்ட காலப் பாஸுக்கு ஆதார், லைசென்ஸ், புகைப்படம் ஆகியவற்றோடு காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்பது வழக்கம். இவற்றோடு பரிந்துரைக்கும் நிறுவனம் ஒன்றும் வேண்டும்: கப்பல் முகவர், சுங்கத் தரகர், சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர், டிரான்ஸ்போர்ட் கம்பெனி, இப்படித் துறைமுகத்தில் பதிவு செய்த யாராவது. டிரைவர் தன் பெயரில் தானே போய்ப் பாஸ் கேட்க வழியில்லை. கம்பெனியோடு சண்டை போட்டு வெளியே வந்தால் பாஸும் அதோடு போய்விடும். புதிய கம்பெனி, புதிய கடிதம், மறுபடியும் முதலிலிருந்து. பேட்டா சரியாகத் தரவில்லை என்று கேட்க வேண்டிய இடத்தில் டிரைவர் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காவல்துறைச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், முகவரி சார்ந்த காவல் நிலையம் பதிவேடுகளைப் பார்த்து அறிக்கை தரும். குற்றப் பின்னணி இல்லாதவருக்குச் சிக்கலில்லை. ஆனால் லாரி டிரைவர் மீது பெரும்பாலும் இருக்கக்கூடிய வழக்கு எது? விபத்து வழக்கு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106. ஜி.எஸ்.டி. சாலையில் இரவெல்லாம் ஓட்டுகிறவரின் வாழ்க்கையில் இப்படி ஒன்று வராமல் இருப்பது அதிர்ஷ்டம். வழக்கு பல ஆண்டு நிலுவையில் இருக்கும். முடிவில் விடுதலையும் ஆகலாம். அதுவரை அறிக்கையில் ‘வழக்கு நிலுவை’ என்ற இரண்டு சொல் இருக்கும். அடுத்தது மறியல் வழக்கு. குடிநீர் வரவில்லை, பஸ் நிற்கவில்லை என்று ஊரே சாலையில் உட்காரும்போது காவல் நிலையம் எழுதும் பெயர்களில் நம் இளைஞனும் ஒருவன். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்த வட்டாரம் இது. சாலையில் உட்காருவது இங்கே குற்ற மனத்தின் அடையாளம் அல்ல. கடத்தலும் சதியும் வேறு, பிரேக் பிடிக்காததும் தண்ணீர் கேட்டதும் வேறு என்று ஒரு பட்டியல் பிரித்துச் சொல்லியிருந்தால் பாஸ் கொடுக்கும் அதிகாரிக்கே நிம்மதி. பட்டியல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதிகாரி தனக்குப் பாதுகாப்பான முடிவையே எடுப்பார். மறுத்துவிட்டால் அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. துறைமுகத்தின் பாதுகாப்புத் திட்டம் வெளியே கசியாமல் காக்கப்பட வேண்டும் என்று ஐ.எஸ்.பி.எஸ். விதியே சொல்கிறது. கேமரா எங்கே இருக்கிறது, காவலர் எப்போது மாறுகிறார் என்பதை மறைப்பது நியாயம். பாஸ் மறுப்பதற்கான அளவுகோலும் அதே பூட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை. விமான நிலையத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே நுழைவு அனுமதியை சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு நாடு முழுதும் ஒரே வழிகாட்டுதலில் நடத்துகிறது. மீனம்பாக்கத்தில் பெட்டி ஏற்றுகிறவருக்கு இருக்கும் இந்த அளவு ஒழுங்குகூட, அதே சென்னையில் கன்டெய்னர் இழுக்கிறவருக்கு இல்லை.

அட்டை என்பது எப்போதும் சந்தேகத்தின் கருவியாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளி அதைக் கேட்டு வாங்கினார். மேஸ்திரி காலையில் வாசலுக்கு வந்து, தனக்கு வேண்டியவர்களைக் கைகாட்டி அழைத்துப் போய், மற்றவர்களைத் திருப்பி அனுப்பிய காலம் அது. அந்த முறைக்கு முடிவு கட்டத்தான் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் இதற்கென வாரியங்கள் அமைந்தன. பதிவு செய்த தொழிலாளிக்கு அடையாள அட்டையும் வருகை அட்டையும் விலையின்றித் தரப்பட்டன. கப்பல் வராத நாளிலும் வருகைக்கு ஒரு படி, மாதத்தில் இத்தனை நாளுக்கான கூலி நிச்சயம் என்ற ஏற்பாடு அந்த அட்டையோடு வந்தது. கையில் அட்டை இருந்தால் மேஸ்திரியின் தயவு வேண்டாம். பிறகு சுமைகள் கன்டெய்னருக்குள் போயின, கிரேன்கள் வந்தன, 2001இல் சென்னையின் கன்டெய்னர் முனையம் தனியார் நிர்வாகத்துக்குப் போனது. பதிவுத் தொழிலாளர்கள் ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வரவில்லை. சுமை தூக்கும் வேலையின் பெரும்பகுதி டிரெய்லர் டிரைவரிடமும் ஒப்பந்தத் தொழிலாளியிடமும் வந்து சேர்ந்தது. வேலை கை மாறியபோது அந்தப் பழைய அட்டையின் உரிமைகள் கூடவே வரவில்லை. மேஸ்திரியின் இடத்தில் இப்போது கம்பெனியின் லெட்டர்ஹெட் இருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

மாலுமியின் கதை இதைவிடப் பழையது, கசப்பும் கூட. 1925இல் பிரிட்டன், நிறமுள்ள அயல்நாட்டு மாலுமிகள் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் ஆணை போட்டது. இந்தியா, ஏடன் பகுதிகளிலிருந்து போன மாலுமிகள் சட்டப்படி பிரிட்டிஷ் குடிமக்கள். ஆனால் அதை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டிய சுமை அவர்கள் மேல் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் கப்பல் கப்பலாக முத்திரை வாங்கிய பணிப்புத்தகத்தை அதிகாரிகள் சான்றாக ஏற்கவில்லை. கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் பலர் தங்கள் சொந்தப் பேரரசிலேயே அயலாராகப் பதிவானார்கள்.

பணிப்புத்தகத்துக்கும் அடையாளத்துக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை நிரப்பத்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1958இல் மாலுமி அடையாள ஆவணத்துக்கென 108ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 11க்குப் பிறகு அதைத் திருத்தி 2003இல் 185ஆம் உடன்படிக்கையை ஏற்றார்கள். பாதுகாப்பு அச்சம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் எழுதப்பட்டாலும், தொழிலாளர் சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியது. அதனால் அதில் பாதுகாப்பு அட்டைகளில் அரிதாகவே காணும் சில வரிகள் இருக்கின்றன. விண்ணப்பத்தை மறுத்தால் மேல்முறையீட்டு உரிமை உண்டு. கண்ணால் படிக்க முடியாதபடி அட்டைக்குள் இருக்கும் தகவலை, மாலுமி தானே கருவியில் போட்டுப் பார்க்க வசதி செய்ய வேண்டும். அட்டை எப்போதும் மாலுமியிடமே இருக்க வேண்டும்; அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே கேப்டன் பத்திரமாக வைத்திருக்கலாம். அட்டை வைத்திருப்பவர் கரை இறங்க விசா கேட்கக் கூடாது. பல வாரம் இரும்புக்குள் அடைந்து கிடந்தவனுக்கு நாலு மணி நேரம் மண்ணில் கால் வைக்கும் உரிமை அது.

இந்தியா 2015 அக்டோபரில் இந்த உடன்படிக்கையை ஏற்றது. விதிகள் 2016இல் வந்தன. கைரேகைக்குப் பதில் முகத்தின் உயிரியல் தகவலைச் சிப்பில் வைக்கும்படி உடன்படிக்கை இதற்குள் திருத்தப்பட்டிருந்தது. 2019 நவம்பரில் புது டெல்லியில் புதிய அட்டை வெளியானது. முகத் தகவலை வைத்து இப்படிப்பட்ட அட்டை வழங்கும் முதல் நாடு இந்தியாதான் என்று அரசு அறிவித்தது. மும்பையில் உள்ள அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் தொழில்நுட்பம் தந்தது. மும்பை, கொல்கத்தா, சென்னை, நொய்டா, கோவா, புதிய மங்களூர், கொச்சி, விசாகப்பட்டினம், காண்ட்லா என ஒன்பது இடங்களில் தகவல் சேகரிப்பு மையங்கள். செல்லத்தக்க சி.டி.சி. எனும் பணிப்புத்தகம் வைத்திருக்கும் எந்த இந்திய மாலுமியும் விண்ணப்பிக்கலாம்.

பெருமுக்கல்லிலிருந்து ஒருவர் இந்த அட்டை வரை போவதற்கு நான்கைந்து படி ஏற வேண்டும். பாஸ்போர்ட் முதலில். பிறகு இண்டோஸ் எண். இந்திய மாலுமிகளின் தேசியப் பதிவேட்டில் அவருக்கான அடையாளம் அது. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் ஏற்ற நிறுவனத்தில் கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, பாதுகாப்புக் கடமை முதலிய அடிப்படைப் பயிற்சிகள். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் சான்று. இவை சேர்ந்தால் சி.டி.சி. அதன் பிறகுதான் இந்த அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பம், நேரம் குறித்தல், மையத்தில் முகம் காட்டுதல். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும்; அங்கிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம். எதிரே ராஜாஜி சாலை, துறைமுகத்தின் மதில். 125 கிலோமீட்டரும் ஒரு நாள் கூலியும் இதற்குப் போகும்.

பயணத்தைவிடத் தொல்லை பெயர். தமிழனுக்கு இனிஷியல் போதும். பாஸ்போர்ட் படிவத்துக்குப் போதாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுதாக, லைசென்ஸில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகி, வெளிநாட்டுக் கப்பலில் எல்லோரும் இவரை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஊருக்கும் இதே கதிதான்: விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எழுத அரசு ஆவணங்களிலேயே இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றும் ஆணையை வெளியிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. கணினிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. எழுத்து பொருந்தவில்லை என்றால் வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பிள்ளை பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போதே எல்லா ஆவணங்களையும் பள்ளிச் சான்றிதழ்ப்படி ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும். இதையெல்லாம் முடித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் உரிமம் பெற்றதா என்று இயக்குநரகத்தின் பட்டியலில் பார்க்கலாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது.

இவ்வளவும் செய்து அட்டை வாங்கிய மாலுமி ஹூஸ்டனில் கரை இறங்க முடியுமா? அட்டையை மட்டும் காட்டினால் முடியாது. அமெரிக்கா 185ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை, விசா கேட்கும். விசா இருந்தாலும் டுவிக் இல்லாததால் கப்பலிலிருந்து துறைமுக வாசல் வரை துணைக்கு ஆள் வேண்டும். அதற்குச் சில முனையங்கள் பெருந்தொகை கேட்டன, சில மறுத்தன. மாலுமி நல அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டன. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2019இல் கடலோரக் காவல்படை விதி வெளியிட்ட பிறகுதான் மாலுமியைக் கட்டணமின்றி வாசல் வரை அனுப்ப வேண்டும் என்பது கட்டாயமானது.

பெருமுக்கல்லுக்கு மிக அருகில் இருக்கும் பாதுகாப்பு அட்டை துறைமுகத்தில் இல்லை, மரக்காணம் கரையில் இருக்கிறது. 2008 நவம்பர் 26இல் மும்பையை நோக்கி ஆயுதக்காரர்கள் கடத்தப்பட்ட மீன்பிடிப் படகில் வந்ததால், அதன் பிறகு நாட்டின் கடல் மீனவர் அனைவருக்கும் உயிரியல் தகவல் அட்டை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. அழகன்குப்பம், எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம் என்று விழுப்புரம் மாவட்டத்தின் குப்பங்களுக்கும் அந்தத் திட்டம் வந்தது. மீனவர் விண்ணப்பித்து வாசலில் நிற்கவில்லை; அரசே கணக்கெடுத்து அட்டையைக் கொடுத்தது. தனக்கு அவசரம் என்றால் அரசால் ஊருக்கே வந்து கைரேகை எடுக்க முடிகிறது. டிரைவருக்கு மட்டும் அது ஏன் முடியாது என்ற கேள்வியை நான் அந்தக் குப்பங்களை வைத்தே கேட்கிறேன்.

நாடாளுமன்றம் 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதற்கு முன், 2021இல், பெரிய துறைமுகங்களுக்கும் புதிய சட்டம் வந்தது. வாசலுக்குரிய விதிகளைத் திருத்தி எழுத இது தகுந்த நேரம். நான் கேட்பது பெரிதல்ல. நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லும் ஒரே பாஸ், கம்பெனியின் பெயரில் அல்லாமல் டிரைவரின் பெயரில் இருக்கட்டும். எந்தெந்த வழக்குக்குப் பாஸ் மறுக்கப்படும் என்ற பட்டியலை அரசிதழில் வெளியிடட்டும். விபத்து வழக்கும் மறியல் வழக்கும் அதில் இடம்பெற வேண்டாம். மறுத்தால் காரணம் எழுத்தில் வரட்டும், முப்பது நாளுக்குள் மேல்முறையீடு முடியட்டும். விண்ணப்பத்தையும் கைரேகையையும் திண்டிவனம் இ-சேவை மையத்திலேயே வாங்கட்டும். இதில் எந்த ஒன்றும் துறைமுகத்தின் பாதுகாப்பைத் தளர்த்தாது. துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சகம் மனம் வைத்தால் ஓர் அறிவிக்கையிலேயே இதைச் செய்ய முடியும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.